தொலைந்தவர் என்று யார் சொன்னது? கானி கான்வர்ஸின் பாடல்களைப் பற்றிச் சில குறிப்புகள்

டாம் அண்ட் ஜெர்ரியில் பதின்மூன்று எபிசோடுகள் மட்டும் ஒரு தினுசாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? படம் கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலிக்கும். சின்ன வயதில் டிவியில் அந்த வகை வந்தாலே எனக்குச் சப்பென்று ஆகிவிடும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பையன் அதே எபிசோடைப் பார்த்துவிட்டு "ஏம்பா இது மட்டும் இப்படி இருக்கு?" என்று கேட்டான். சும்மா விடுவேனா, தேட உட்கார்ந்தேன். 1961, 62-ல் பிராக் நகரத்தில் இருந்துகொண்டு ஜீன் டைட்ச் என்ற அமெரிக்கர் இயக்கியவை அவை. யார் இந்த டைட்ச் என்று தோண்டினால், கார்ட்டூன் போக அவருக்கு இன்னொரு கிறுக்கு இருந்திருக்கிறது: வீட்டுக்கு வருகிற பாடகர்களை ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து வைப்பது. 1949-லேயே டெட்ராய்ட்டில் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரை அப்படிப் பதிவு செய்திருக்கிறார். ஐந்து வருடம் கழித்து, நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சன் ஊரில் அவர் குடியிருந்த வீட்டில், கிட்டாரோடு வந்து உட்கார்ந்தவர்தான் கானி கான்வர்ஸ்.

பையன் எப்போதோ விளையாடப் போய்விட்டான். நான் மட்டும் அந்தப் பாட்டுகளை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் வரலாறு, சுருக்கமாக

எலிசபெத் ஈட்டன் கான்வர்ஸ். 1924 ஆகஸ்ட் 3-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லக்கோனியாவில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபை ஊழியர், கண்டிப்பான குடும்பம். பள்ளியில் முதல் மாணவி. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு நியூயார்க் போய்விட்டார். ஒரு அச்சுக்கூடத்தில் வேலை. கிரெனிச் வில்லேஜில் வாசம். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்து, நண்பர்கள் வீட்டில் பாடுவார். 1954-ல் டைட்ச் ஏற்பாட்டில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'தி மார்னிங் ஷோ'வில் பாடினார். நிகழ்ச்சியை நடத்தியவர் வால்ட்டர் கிராங்கைட். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இசைத்தட்டு கம்பெனி எதுவும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை.

1961-ல் நியூயார்க்கை விட்டுவிட்டு மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் ஊருக்குப் போனார். தம்பி ஃபிலிப் கான்வர்ஸ் அங்கே பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியர். (வாக்காளர்களைப் பற்றிய 'தி அமெரிக்கன் வோட்டர்' என்ற 1960 புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவர். தேர்தல் ஆய்வில் ஈடுபாடு உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும்.) கானி அங்கே செயலாளராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஒரு ஆய்விதழின் நிர்வாக ஆசிரியர் ஆனார். 1974 ஆகஸ்டில், ஐம்பது வயது முடிந்த சில நாட்களில், குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கடிதங்கள் எழுதினார். தன் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

2004-ல், எண்பது வயதை எட்டவிருந்த டைட்ச் ஒரு நியூயார்க் வானொலி நிகழ்ச்சிக்குப் போனபோது, பழைய டேப்பில் இருந்து கானியின் பாட்டு ஒன்றைப் போட்டார். அதைக் கேட்ட டான் ஜூலா என்ற இளைஞர் நண்பரோடு சேர்ந்து முனைந்ததில், 2009-ல் 'ஹவ் சேட், ஹவ் லவ்லி' என்ற ஆல்பம் வந்தது. பாடியதற்கும் வெளிவந்ததற்கும் நடுவே ஐம்பத்தைந்து வருடம்.

என் புகார்

இவரைப் பற்றி எதைப் படித்தாலும் கதை 1974-ல்தான் ஆரம்பிக்கிறது. காரில் ஏறிப் போன பெண். மர்மம். அப்புறம்தான் பாட்டு. அந்தப் பாட்டும் எப்படிக் கேட்கப்படுகிறது? "பாருங்கள், 1954-லேயே தனிமையைப் பற்றிப் பாடியிருக்கிறார், அப்போதே தெரிந்திருக்கிறது" என்று.

இருபது வருடமாக சாஃப்ட்வேரில் இருப்பவன் என்கிற முறையில் இந்தத் தப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். ராத்திரி சர்வர் விழுந்துவிடும். காலையில் உட்கார்ந்து பழைய லாகை எடுத்துப் படித்தால், ஒவ்வொரு வார்னிங்கும் "நான் அப்பவே சொன்னேனே" என்கிற மாதிரியே இருக்கும். ஆனால் அதே வார்னிங் சர்வர் விழாத நாட்களிலும் நூறு தடவை வந்திருக்கும்; அப்போது யாரும் பார்த்திருக்க மாட்டோம். முடிவு தெரிந்துவிட்டால் எல்லா வரியும் அறிகுறிதான்.

முப்பது வயதில் ஒருவர் பாடியதை ஐம்பது வயதில் அவர் எடுத்த முடிவை வைத்துப் படிப்பதும் இதேதான். நடுவில் இருபது வருடம் இருக்கிறது. அதில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. ஆகவே ஒரு பரிசோதனையாக, 1974 என்ற வருடமே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கேட்டது சோகமான ஒரு பெண்ணின் குரல் இல்லை. ரொம்பக் கெட்டிக்காரியான, குறும்பான, எந்தச் சொல்லை எங்கே வைக்கணும் என்று தெரிந்த ஒரு எழுத்தாளரின் குரல்.

பாட்டுக்குள் போவோம்

'ரோவிங் உமன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். ஊர் சுற்றுகிற பெண் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று ஆரம்பிக்கிறார். அவள் மதுக்கடைப் பக்கமோ சீட்டாட்டத்துப் பக்கமோ போனால் உடனே யாராவது ஒரு கனவான் எழுந்து வந்து, ரொம்ப மரியாதையாக, வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். இவளும் போகிறாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை ஒரு சின்னக் கண்சிமிட்டலில் கடந்துவிடுகிறார். கடைசியில் படுக்கப் போகும்போது, நல்லவேளை சீட்டிலிருந்தும் குடியிலிருந்தும் என்னைக் காப்பாற்றினார்களே என்று நிம்மதிப்படுகிறாள். அவ்வளவுதான். ஆண்களின் பரோபகாரத்தை இதைவிட அமைதியாகக் கிண்டல் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. 1950-களின் அமெரிக்காவில், ஊழியர் வீட்டுப் பெண் எழுதியது. குரலில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. பஜனைப் பாட்டு மாதிரி நேராக நின்று பாடுகிறார். நகைச்சுவையே அந்த நேர்மையான முகத்தில்தான் இருக்கிறது.

'வி லிவ்ட் அலோன்' வேறு மாதிரி. நானும் என் வீடும் தனியாக இருந்தோம் என்று தொடங்கி, வீட்டில் என்னென்ன இருந்தன என்று ஒரு பட்டியல் போடுகிறார். விளக்கு, அடுப்பு, பச்சை வண்ணம் அடித்த மேஜை, வாசலில் ரோஜா, ஒரு வேலை. எதுவும் குறையில்லை. கேட்கிற நமக்கும் நிறைவாக இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு ஆள் உள்ளே வருகிறார், பட்டியல் மொத்தமும் போதாமல் போய்விடுகிறது. இந்தப் பாட்டைத்தான் தனிமையின் ஓலம் என்பதுபோல எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பட்டியலின் ஒவ்வொரு பொருளையும் அவர் ஆசையாகத்தான் சொல்கிறார். தனியாக இருப்பதில் உள்ள சுகம் தெரிந்தவர்தான் அதை விட்டுக்கொடுப்பதன் விலையையும் சொல்ல முடியும். வாடகை வீட்டில் முதல் தடவை தனியாகக் குடியேறி, சொந்தக் காசில் ஒரு ஸ்டவ் வாங்கியவர்களுக்கு இது புரியும்.

'டாக்கின் லைக் யூ'வில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு இடம். அதைத் தனிமையான இடம் என்று ஏன் சொல்கிறார்கள், எனக்கு அங்கே தனிமையே இல்லையே என்கிறார். மரத்தில் ஏதோ அணில் மாதிரி ஒன்று கத்துகிறது, அது நாம் சண்டை போட்டது மாதிரியே இருக்கிறதாம். முற்றத்தில் ஒன்றிரண்டு பன்றிகள், முன்பு நீ வந்ததுபோலவே அவையும் சாப்பாட்டுக்கு வந்துவிடுகின்றனவாம். போனவனைப் பன்றியோடு ஒப்பிட்டு, அதே மூச்சில் அவன் ஞாபகம் எங்கும் நிறைந்திருப்பதையும் சொல்லிவிடுகிறார். நம் சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது: தலைவி நேராக எதையும் சொல்ல மாட்டாள், சுற்றியிருக்கிற பறவையும் விலங்கும் சொல்லும். கானிக்கும் அதற்கும் தொடர்பு எதுவும் கிடையாது, நான் கேட்கிற காது அப்படி. இசையைப் பார்த்தாலும், நாட்டுப்புறப் பாட்டின் வழக்கமான மூன்று கார்டுகளில் நிற்காமல் கிட்டார் எதிர்பாராத இடங்களுக்கு நகர்ந்துவிட்டுத் திரும்புகிறது. பாட்டு நாட்டுப்புற உடுப்பில் இருக்கிறது. எலும்புக்கூடு பிராட்வே நாடகப் பாடல்களின் பக்கம் சாய்கிறது.

டைட்ச் 2004-ல் வானொலியில் போட்ட பாட்டு 'ஒன் பை ஒன்'. இரவில் புல்வெளியில் ஆட்கள் நடக்கிறார்கள். ஒருவர் கடந்து போவது இன்னொருவருக்குக் கேட்கிறது, ஆனால் இருட்டில் ஒருவருக்கொருவர் தூரம். உன் கை மட்டும் என் கையில் இருந்தால் நான் ஒளிவிடுவேன் என்கிறார். இதைத் தனியான ஒரு ஆளின் புலம்பலாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். அவர் "நாம்" என்றுதான் பாடுகிறார். எல்லோரும்தான் இருட்டில் நடக்கிறோம். நகரத்தில் வாழ்கிற எவருக்கும் பொருந்துகிற பாட்டு. காலையில் மெட்ரோ ரயிலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிற இருநூறு பேர் நடுவில் நின்று இதைக் கேட்டேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"முதல் பாடகி-பாடலாசிரியர்" என்ற பட்டம்

விளம்பரத்தில் அடிபடும் இன்னொரு வாக்கியம்: தானே எழுதித் தானே பாடும் மரபின் முதல் ஆள் இவர்தான், பாப் டிலனுக்கே முன்னோடி என்பது. தேதிகளை வைத்துப் பார்த்தால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. கானி நியூயார்க்கை விட்டுப் போன அதே 1961-ல்தான் டிலன் அங்கே வந்து சேர்ந்தார். 1962-ல் வந்த டிலனின் முதல் ஆல்பத்தில் பதின்மூன்று பாட்டு. சொந்தமாக எழுதியவை இரண்டே இரண்டு. கானியின் கையில் அதற்கு ஏழெட்டு வருடம் முன்பே ஒரு முழு ஆல்பத்துக்கான சொந்தப் பாட்டு இருந்தது.

ஆனாலும் "முதல்" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். உட்டி கத்ரியின் 'டஸ்ட் போல் பேலட்ஸ்' 1940-லேயே வந்துவிட்டது. ப்ளூஸ் பாடகர்கள் அதற்கும் முன்பிருந்தே தாங்களே எழுதிப் பாடியவர்கள். அதைவிட முக்கியம், முன்னோடி என்றால் பின்னால் வந்தவர்கள் அவர் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். கானியைக் கேட்டவர்கள் சில வீட்டு வரவேற்பறைகளில் உட்கார்ந்திருந்த நண்பர்கள்தான்.

அவரிடம் புதிது என்று எனக்குப் படுவது வேறு. அன்றைய நாட்டுப்புறப் பாடகர்கள் பெரும்பாலும் பழைய பாட்டைப் பாடினார்கள், அல்லது போராட்டப் பாட்டைப் பாடினார்கள். கானி இரண்டையும் செய்யவில்லை. நகரத்தில் வேலைக்குப் போகிற, கல்யாணமாகாத, படித்த ஒரு பெண்ணின் சாதாரண ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதைப் பாட்டாக்கினார். அதற்கு அன்றைக்குக் கடையில் ஒரு அலமாரி இல்லை. எந்த வகையில் போட்டு விற்பது என்று தெரியாத சரக்கைக் கம்பெனிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், இன்றைக்கும்தான்.

குறைகளும் உண்டு

எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். 'தி க்ளோவர் சலூன்' போல கௌபாய் கதைப்பாட்டின் வேஷத்தில் வருபவை எனக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் இருக்கின்றன. கெட்டிக்காரத்தனம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. எதுகை சில இடங்களில் தன் சாமர்த்தியத்தைத் தானே ரசிக்கிறது. குரல் ஒரே நிதானத்தில் போவதால், மொத்த ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று என்று கேட்பதுதான் சரி. டேப்பின் இரைச்சல் முதலில் தொந்தரவு செய்யும், இரண்டாவது நாளில் காது பழகிவிடும்.

பாட்டு எப்படிப் பிழைத்தது

எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். 2009 ஆல்பத்தின் பாட்டுகள் இரண்டு இடங்களிலிருந்து வந்தன. ஒன்று, பிராகில் டைட்ச் வைத்திருந்த டேப்புகள். இன்னொன்று, ஆன் ஆர்பரில் தம்பி வீட்டில் இருந்த ஒரு ஃபைல் கேபினட். கானி தானே ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்கி, வீட்டிலேயே தன் பாட்டுகளைப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1956-ல் அவருக்காகவே 'மியூசிக்ஸ்' என்று பெயரிட்டு இரண்டு தொகுதி தயாரித்தார். கிளம்பிப் போவதற்கு முன்னால் கடிதங்கள், எழுத்துகள், பதிவுகள் எல்லாவற்றையும் வகை பிரித்து, ஒழுங்காக அந்தக் கேபினட்டில் வைத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது சொல்லுங்கள், இவர் "தொலைந்த" கலைஞரா? தன் வேலையை இவ்வளவு சுத்தமாக ஒப்படைத்துவிட்டுப் போனவர்களை எங்கள் துறையில்கூட அதிகம் பார்த்ததில்லை. நோட்டீஸ் பீரியட் முடிந்து போகிறவர்கள் விட்டுச்செல்கிற டாக்குமெண்ட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்தார்கள் என்கிறோம். திறந்து பார்த்தார்கள் என்பதுதான் சரி. கேபினட் அங்கேயேதான் இருந்தது.

"இண்டிபெண்டன்ட்" என்ற சொல்லை இன்று ஒரு பாணியின் பெயராகப் பயன்படுத்துகிறோம். கானிக்கு அது பாணி இல்லை. வேறு வழி இல்லாததால் ரெக்கார்டிங் இன்ஜினியர், தயாரிப்பாளர், விநியோகஸ்தர், காப்பாளர் எல்லா வேலையையும் ஒருவரே செய்ததுதான் அது. அவர் விநியோகித்தது ஒரே ஒரு தம்பிக்கு. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

பாட்டை நிறுத்தியபிறகு

ஆன் ஆர்பர் வருடங்களை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், தோற்றுப்போய் ஆபீஸ் வேலைக்குப் போனவர் என்பதுபோல. ஆனால் அவர் வேலை பார்த்த 'ஜர்னல் ஆஃப் கான்ஃப்ளிக்ட் ரெசல்யூஷன்' லேசான இதழ் இல்லை. போர்கள் ஏன் நடக்கின்றன, எப்படித் தவிர்ப்பது என்பதை ஆராய 1957-ல் தொடங்கியது. அதன் முதல் பன்னிரண்டு வருடக் கட்டுரைகளை முழுக்க அலசி, 1968-ல் எலிசபெத் கான்வர்ஸ் என்ற பெயரில் அதே இதழில் ஒரு நீண்ட மதிப்பீடு எழுதியிருக்கிறார். கல்லூரிப் பட்டம் முடிக்காத ஒருவர், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், பேராசிரியர்களின் பன்னிரண்டு வருட உழைப்பை எடைபோடுகிறார். பாட்டில் பட்டியல் போட்ட அதே மனசுதான் இங்கேயும் பட்டியல் போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு அந்த இதழ் மிச்சிகனை விட்டு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. அது அவருக்குப் பெரிய அடி. அவருடைய தொழில் வாழ்க்கை என்று சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். 2023-ல் ஹோவர்டு ஃபிஷ்மன் எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறு வந்தபிறகு இதைத் தவிர்க்க யாருக்கும் சாக்கு இல்லை.

1974-க்குப் பிறகு என்ன ஆனது என்ற ஊகத்துக்குள் நான் போகவில்லை. பத்து வருடம் கழித்துக் குடும்பத்தார் ஒரு துப்பறிவாளரை அணுகினார்கள். தேடிக் கண்டுபிடித்தாலும், காணாமல் போவது அவருடைய உரிமை, கூட்டிவர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும்.

எனக்கு ஏன் உறைத்தது

எங்கள் பெரியம்மா கல்யாணங்களில் நலங்குப் பாட்டுப் பாடுவார். பழைய பாட்டு இல்லை, மாப்பிள்ளை வீட்டாரின் பெயரையெல்லாம் கோத்து அங்கேயே கட்டுகிற பாட்டு. சம்பந்தி வீட்டையே சிரிக்க வைத்து, அவர்கள் கவனிக்காத நேரத்தில் ஒரு குத்தும் வைப்பார். 1990 வாக்கில் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா அதை ஒரு கேசட்டில் பதிவு செய்தார். மேலே ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து, பெயர் எழுதாத கேசட்தானே என்று நான்தான் அதன்மேல் சினிமாப் பாட்டு பதிவு செய்தேன். பெரியம்மா இப்போது இல்லை. அந்தப் பாட்டில் ஒரு அடிகூட எங்கள் யாருக்கும் முழுசாக ஞாபகம் இல்லை.

'ரோவிங் உமன்' கேட்கும்போதெல்லாம் அந்தக் கேசட் ஞாபகம் வருகிறது. திறமையில் எவ்வளவு வித்தியாசம் என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றுக்கு லேபிள் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

கேட்க நினைப்பவர்களுக்கு என் வரிசை: முதல் நாள் 'ரோவிங் உமன்', 'வி லிவ்ட் அலோன்', 'டாக்கின் லைக் யூ'. அடுத்த நாள் 'ஒன் பை ஒன்' மட்டும், இரண்டு தடவை. மற்றதெல்லாம் அப்புறம். கார் கதையைக் கடைசியில் படித்தால் போதும். உங்கள் வீட்டில் பெயர் எழுதாத கேசட் ஏதாவது கிடந்தால், அதை முதலில் போட்டுக் கேளுங்கள்.